எதிர்வீட்டு அழுகை

'நெஞ்சத்து அன்பும் வெற்றுச் சடங்கும்' என்பது இவ்வுரைக்குத் தரப்பெற்ற தலைப்பு. தமிழ் மேடைகளில் இதைவிட எளிதாகக் கைத்தட்டல் பெறும் தலைப்பு வேறொன்று இருத்தல் அரிது. சித்தர் பாடல்களில் நாலைந்தை நினைவிலிருந்து எடுத்துவிட்டால் போதும், அவை ஆரவாரிக்கும். சிவவாக்கியரின் கேள்விகள் கூர்மையானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அக்கேள்விகளுக்குக் கைத்தட்டிவிட்டு, வீடு திரும்பும் வழியில் தெருமுனைப் பிள்ளையார் முன் செருப்பைக் கழற்றாமலே கன்னத்தில் போட்டுக்கொண்டு விரைகின்றவரும் அந்த அவையில் இருந்தவரே. கவியரங்குகளில் சடங்கைச் சாடிப் பாடுவது நெடுங்காலமாக நடந்துவருகிறது. முதலில் கடவுள் வாழ்த்து, பின்பு கடவுளின் பெயரால் நடப்பனவற்றின்மேல் வசை, இறுதியில் பொன்னாடை. சடங்கைச் சாடுவதும் ஒரு சடங்காகிவிடும் என்பதைக் கவிஞர்கள் நிறைந்த இந்த அவைக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

எனவே இவ்வுரை சித்தர்களை விட்டு, திருப்பூரிலிருந்து ஏறத்தாழ 14 கி.மீ. தொலைவிலுள்ள ஒரு குளக்கரைக்குச் செல்கிறது. அவிநாசித் திருக்கோயிலுக்குரிய தாமரைக்குளம் அது. தேவார காலத்தில் அவ்வூரின் பெயர் திருப்புக்கொளியூர். அவிநாசி என்பது அங்குள்ள கோயிலுக்கு வழங்கிய பெயர். பிற்காலத்தில் கோயிலின் பெயரே ஊருக்கு ஆயிற்று. அங்கு நிகழ்ந்ததாகச் சேக்கிழார் கூறும் நிகழ்ச்சியைக் கொங்கு நாட்டில் அறியாதவர் இலர். முதலை உண்ட பாலனைச் சுந்தரர் பாடி மீட்டார் என்பது கதை. சிறு பிள்ளைகளுக்கும் தெரிந்த கதைதான். ஆனால் எல்லாருக்கும் தெரிந்த கதைகளில்தான் கவனியாமல் விட்டவை மிகுதியாக இருக்கும்.

சுந்தரர் திருவாரூரிலிருந்து மலைநாட்டிற்கு, தம் நண்பர் சேரமான் பெருமாளைக் காண இரண்டாம் முறையாகப் போகிறார். முதல்முறை சென்று திரும்புகையில், சேரமான் தந்த பொன்னையும் பொருளையும் இதே கொங்கு நாட்டில், திருமுருகன்பூண்டியில் வழிப்பறி கொடுத்தவர் அவர். பறித்தவை சிவனுடைய பூதகணங்கள் என்பது புராணம். அங்கு அவர் வேண்டுதல் செய்யவில்லை, சண்டை பிடித்தார். இத்தகைய கொள்ளைக்காரர் வாழும் ஊரில் உனக்கென்ன வேலை என்று இறைவனையே வினவிப் பாடினார். அதனாலன்றோ அவருக்குத் தம்பிரான் தோழர் என்று பெயர்! பணிவு என்னும் புறக்கோலம்கூட இல்லாத அன்பு அது. இன்று அவிநாசிச் சாலையில் பேருந்தில் செல்வோர் பூண்டிக் கோயிலைக் கடக்கும்போது கைகுவிக்கிறார்கள். அங்கு பாடப்பட்டது ஒரு புகார் என்பதை எத்தனை பேர் எண்ணுவர்?

அத்தகையவர் இரண்டாம் பயணத்தில் புக்கொளியூர் மாடவீதிக்குள் நுழைகிறார். ஒரு வீட்டில் மங்கல ஒலி. நேர் எதிர்வீட்டில் அழுகையொலி. இரண்டும் ஒரே வேளையில் ஒரே தெருவில் எழுகின்றன. இவை ஒருங்கே நிகழ்வது ஏன் என்று அவர் அங்குள்ள மறையோரைக் கேட்கிறார். விடை இதுதான்: ஐந்து வயதுச் சிறுவர் இருவர் குளத்திற்குக் குளிக்கப் போனார்கள். ஒருவனை முதலை விழுங்கிற்று. தப்பியவனுக்கு இன்று பூணூல் கலியாணம். போனவனைப் பெற்றவர்கள், இருந்திருந்தால் தம் மகனுக்கும் இன்று நடந்திருக்குமே என்று அழுகிறார்கள்.

சேக்கிழார் முதல் வீட்டைப் பழிக்கவில்லை. பழிப்பதற்கு எதுவும் இல்லை. மகனுக்கு உரிய வயதில் உரிய சடங்கைச் செய்கிறார்கள். அது அவர்கள் உரிமை, கடமையும்கூட. மேளம் கொட்டுவதும் தவறன்று. ஆயினும் அந்த மேளத்தின் ஓசையே எதிர்வீட்டாரின் புண்ணைக் கீறுகிறது. தெருவில் உள்ளோர் அனைவரும் இரண்டையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். விடை சொன்ன மறையோருக்கு எல்லாம் தெரிந்திருந்தது; கேட்டவுடன் சொல்லவும் முடிந்தது. கேட்பதற்கு வெளியூரார் ஒருவர் வரவேண்டியிருந்தது.

இனிதான் கதையின் உயிர்நிலை. சுந்தரர் வந்திருக்கிறார் என்று அறிந்தவுடன், அழுதுகொண்டிருந்த அந்தக் கணவனும் மனைவியும் துயரை அடக்கிக்கொண்டு, மலர்ந்த முகத்தோடு வெளியே வந்து அவரை வணங்குகிறார்கள். இன்னல் உற்ற வீட்டார் நீங்கள்தாமோ என்று அவர் ஐயத்தோடு கேட்கிறார். ஏனெனில் அவர்கள் முகத்தில் அது தெரியவில்லை. அது முன்பே நடந்து முடிந்தது, தங்களைக் காணவேண்டும் என்று நெடுநாளாக அன்பு வைத்திருந்தோம், அது வீண்போகவில்லை என்று அவர்கள் மறுமொழி கூறுகிறார்கள். மகனைத் திருப்பித் தாருங்கள் என்று ஒரு சொல்லும் கேட்கவில்லை. காலில் விழுந்து கதறவில்லை. நேர்ந்துகொள்ளவில்லை. துயர் பெரிதுதான், ஆயினும் அன்பு அதைவிடப் பெரிதாக இருந்தது, அவ்வளவே. நெஞ்சத்து அன்பு என்னும் சொல்லுக்கு இத்தமிழ் நிலத்தில் ஒரு முகம் உண்டென்றால், பெயர்கூடச் சொல்லப்படாத அந்தத் தாய் தந்தையரின் முகமே அது.

அதற்குச் சுந்தரர் ஆற்றிய எதிர்வினைதான் இவ்வுரைக்கு மிகவும் வேண்டியது. அவர் நிற்பது பாடல்பெற்ற ஒரு தலத்தின் வீதியில். திருக்கோயில் அருகிலேயே இருக்கிறது. தலங்கள்தோறும் சென்று பதிகம் பாடுவதையே வாழ்வாகக் கொண்டவர் அவர். ஊருக்குள் வந்தவர் முதலில் கோயிலுக்கன்றோ செல்லவேண்டும்? ஆனால் அவர் சொன்னதாகச் சேக்கிழார் உரைப்பது வேறு. இவர்கள் மகனை இழந்த துயரையும் மறந்து நான் வந்ததற்கு மகிழ்ந்தார்கள். அச்சிறுவனை முதலை வாயிலிருந்து அழைத்துக் கொடுத்த பிறகே அவிநாசி இறைவனின் திருவடியைப் பணிவேன் என்கிறார். சைவத்தின் பெருங்காப்பியத்தில், சமயக் குரவர் நால்வருள் ஒருவர், கோயிலை எதிரே வைத்துக்கொண்டு வழிபாட்டைத் தள்ளிவைக்கிறார். முதலில் எதிர்வீடு; பிறகு கோயில்.

சேக்கிழார் யார் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கன் அவையில் அமைச்சராக இருந்தவர். கற்றளிகளும் நிவந்தங்களும் திருவிழாக்களும் சோழர் ஆட்சியின் அன்றாட அலுவல்கள். அமைச்சருக்கு அவை யாவும் பழக்கம். அத்தகையவர் இவ்வரிசையை மாற்றி எழுதியிருந்தால் யாரும் குறைகூறியிருக்க மாட்டார்கள். கோயிலில் வணங்கி, இறைவன் அருள் பெற்று, பின்பு குளத்திற்குச் சென்றார் என்று எழுதுவது மரபுக்கும் பொருந்தியிருக்கும். அவர் அப்படி எழுதவில்லை. கோவையில் வழக்கறிஞராக இருந்து, பெரியபுராணம் முழுமைக்கும் விரிவான உரை கண்ட சிவக்கவிமணி சி. கே. சுப்பிரமணிய முதலியாரின் தொகுதிகள் இவ்வட்டத்தார் பலர் வீட்டில் இருக்கும். வெள்ளானைச் சருக்கத்தை இன்னொருமுறை எடுத்துப் பார்ப்பது நலம்.

குளக்கரையில் அவர் செய்தது என்ன? பாடினார். ஏழாம் திருமுறையில் இன்று 92ஆம் பதிகமாக உள்ளது அது. அதன் நான்காம் பாட்டில் பிள்ளையைத் தரும்படி கேட்கிறார். அந்தப் பாட்டு முடிவதற்கு முன்பே, முதலை கரைக்கு வந்து, கழிந்த ஆண்டுகளின் வளர்ச்சியோடு சிறுவனைத் தந்தது என்கிறது புராணம். இதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். முதலைக் கதையை நம்பாத ஒரு கவிஞரும் நின்று கவனிக்கவேண்டிய ஒன்று இதில் உண்டு. ஒரு பாட்டு, அது எழுதப்பட்ட இடத்தில், யாருக்காக எழுதப்பட்டதோ அவர்கள் நடுவே, ஒரு வேலையைச் செய்வதற்காகப் பாடப்பட்டது. அரங்கேற்றத்திற்காகப் பாடப்படவில்லை.

பிறகு என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் வழக்கு நேர்மையாக இருக்கும். சிறுவனை மீட்ட சுந்தரர் கோயிலுக்குச் சென்று வணங்கினார். பின்பு அந்தச் சிறுவனுக்குப் பூணூல் அணிவித்து, முரசு முழங்கச் சடங்கை நிறைவேற்றினார். ஆம், எதிர்வீட்டில் நடந்துகொண்டிருந்த அதே சடங்கு! சடங்கை வெறுத்தவரின் செயலன்று இது. ஆகவே 'அகம் உயர்ந்தது, புறம் தாழ்ந்தது' என்று கோடு கிழித்து முடித்துவிட இக்கதை இடந்தருவதில்லை. சடங்கு இருந்தது, அது வரவேண்டிய இடத்தில் வந்தது.

அப்பரிடமும் இதே சிக்கலைக் காணலாம். பாவநாசத் திருக்குறுந்தொகை என வழங்கும் ஐந்தாம் திருமுறைப் பதிகத்தில் அவர் புண்ணிய நதிகளையும் கடலையும் பேர் சொல்லி அடுக்கி, இறைவன் எங்கும் உளன் என்று உணராதவர்க்கு அவற்றில் ஆடி என்ன பயன் என்று வினவுகிறார். அத்தோடு நிற்கவில்லை, வேதம் ஓதுதல், நோன்பு, பட்டினி என்று ஒவ்வொன்றாக எடுத்து அதே கேள்வியைக் கேட்கிறார். தமிழில் புறச் சமயத்தின்மேல் எழுந்த கடுமையான கேள்விகளுள் இது ஒன்று. ஆனால் இதைக் கேட்டவர் வீட்டுத் திண்ணையில் சாய்ந்துகொண்டு 'மனத்தில் இருந்தால் போதும்' என்றவர் அல்லர். கையில் உழவாரப் படையோடு ஊர் ஊராக நடந்து, கோயில் முற்றங்களில் புல்லும் முள்ளும் செதுக்கியவர். திருப்புகலூரில் அப்படிச் செதுக்கும்போது பொன்னும் மணியும் தோன்றின என்றும், அவற்றைப் பருக்கைக் கல்லோடு கல்லாக வாரிக் குளத்தில் எறிந்தார் என்றும் சேக்கிழார் பாடுகிறார். கங்கையில் ஆடி என்ன பயன் என்று கேட்ட வாய்க்கு உரியவர்தாம், வயது முதிர்ந்த நிலையிலும் அடுத்தவர் கால் வைக்கும் வழியில் முள் இருக்கக்கூடாது என்று குனிந்து செதுக்கியவர்.

'மனம் சுத்தமாக இருந்தால் போதும்' என்பது இன்று மிகவும் மலிவாகக் கிடைக்கும் ஒரு தொடர். பெரும்பாலும் அதைச் சொல்பவர் எதையோ செய்யாமல் தப்பிக்கவே சொல்கிறார். உள்ளத்து வழிபாடு என்பது சோம்பலுக்கு மறுபெயர் அன்று என்பதற்குப் பூசலார் சான்று. திருநின்றவூரில் கையில் பொருளில்லாத அவர் மனத்திலேயே கோயில் கட்டினார் என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறோம். சேக்கிழார் அப்படிச் சொல்லவில்லை. மனத்தால் பொருள் தேடி, தச்சரைத் தேர்ந்து, நல்ல நாள் பார்த்து, அடித்தளம் இட்டு, இரவிலும் கண்துயிலாமல், படை படையாக எழுப்பி, சிகரம் வைத்து, சுதை பூசி, மதில் எடுத்து, கிணறும் குளமும் தொட்டு நாள்பல கழிந்தபின் அவர் குடமுழுக்குக்கு நாள் குறிக்கிறார். அதே நாளைத்தான் காஞ்சியில் கற்றளி கட்டிய பல்லவ மன்னனும் குறித்திருந்தான். இறைவன் மன்னனின் கனவில் வந்து, நின்றவூர் அன்பன் நெடுநாள் நினைந்து கட்டிய ஆலயத்தில் நாளை புகுகிறோம், உன் விழாவைத் தள்ளிவை என்றார். மனக்கோயிலில் ஒரு கல்லும் குறையவில்லை. காசு ஒன்றுதான் இல்லை. பிற்காலத்தார் நின்றவூரில் இருதயாலீசுவரர் என்ற பெயரில் அதற்கும் ஒரு கற்கோயில் எடுத்துவிட்டார்கள் என்பது வேறு செய்தி. நெஞ்சில் கட்டியதைக் கண்ணால் பார்க்காமல் நம்புவது எல்லாருக்கும் எளிதன்று போலும்.

இனித் திருப்பூருக்குத் திரும்பலாம். பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு அகமும் புறமும் என்ற பேச்சைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பின்னலாடைத் துணிக்கே ஒரு முன்முகமும் ஒரு பின்முகமும் உண்டு. தைத்து முடித்த பனியன் செக்கிங் மேசைக்கு வரும்போது, சரிபார்க்கும் பெண் அதை உள்புறம் வெளியாகத் திருப்பிப் போடுகிறார். ஓவர்லாக் தையல் விட்டிருக்கிறதா, பிசிறு வெட்டப்பட்டிருக்கிறதா, ஓட்டை விழுந்திருக்கிறதா என்பதெல்லாம் அங்குதான் தெரியும். வெளியில் அச்சிட்ட படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் உள்ளே தையல் பிரிந்த உருப்படி தனியே ஒதுக்கப்படும். இந்த ஊரின் பேர் நின்றது அந்தத் திருப்பிப் பார்க்கும் பழக்கத்தால்.

அந்த ஊரின் சாயத்தொழில் பட்ட பாட்டைச் சொல்லாமல் இத்தலைப்பைத் திருப்பூரில் பேசுவது நேர்மையாகாது. நொய்யலாறு வெள்ளிங்கிரி மலைப்பகுதியில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களின் வழியே ஓடிக் காவிரியில் கலக்கிறது. அதற்குக் காஞ்சிமாநதி என்று புராணப் பெயர். அதன் கரையில் இருப்பது பேரூர்ப் பட்டீசுவரர் கோயில். மறைந்தவர்க்கு நீர்க்கடன் செய்யவும், ஆடிப் பெருக்கன்று வழிபடவும் மக்கள் இன்றும் பேரூர்ப் படித்துறைக்கு வருகிறார்கள். அங்கும் சுந்தரர் தொடர்பான ஒரு கதை உண்டு. கச்சியப்ப முனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் பேரூர்ப் புராணம் பாடினார். இறைவன் உழவராகவும் இறைவி உழத்தியாகவும் வயலில் இறங்கி நாற்று நட்டார்கள், தேடிவந்த சுந்தரர் வயலில் அவர்களைக் கண்டார் என்பது அத்தலத்து வரலாறு. நாற்று நடவுத் திருவிழா அங்கு இன்றும் நடக்கிறது. கடவுள் சேற்றில் நின்று நாற்று நட்டதாக நம்பப்படும் ஆற்றங்கரை அது.

அந்த ஆறு திருப்பூருக்குள் வரும்போது என்ன ஆயிற்று? பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்ற உப்பு வேண்டும். நீரில் கரைந்திருக்கும் சாயத்தைத் துணியின்பால் தள்ளுவது உப்பின் வேலை. சாயம் துணியில் ஏறியபின் உப்பு முழுவதும் கழிவுநீரோடு வெளியேறுகிறது. ஏற்றுமதி பெருகப் பெருகச் சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் பெருகின. ஆற்றின் நீர் அன்றன்றைக்குத் துணி எந்த நிறமோ அந்த நிறமாக ஓடியதைப் பார்த்தவர்கள் இந்த ஊரில் ஆயிரக்கணக்கில் உள்ளனர். திருப்பூருக்குக் கிழக்கே, பாசனத்திற்கென்று கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பயன்பாட்டிற்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் இடமாயிற்று. அணை வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டிய உழவர்களே அந்த நீரைத் தேக்காதீர்கள் என்று கேட்கும் நிலை வந்தது. கிணறுகள் உப்பாயின. மேலே பேரூரில் இறைவன் நாற்று நட்ட அதே ஆற்றின் கீழ்ப்பகுதியில் நாற்று நடமுடியாமற் போயிற்று.

அப்பர் கேட்டபோது ஆறுகளின்மேல் குற்றமில்லை. ஆடுபவரின் நெஞ்சின்மேல்தான் அவர் ஐயங்கொண்டார். நொய்யலில் அந்தக் கேள்வியைக் கேட்கவே வழியில்லாமல் போயிற்று. ஆடுவதற்கு நீர் இருந்தாலன்றோ, ஆடி என்ன பயன் என்று கேட்பது!

அந்த ஆண்டுகளில் பக்திக்குக் குறைவிருக்கவில்லை. ஆயுத பூசையன்று இயந்திரங்கள் துடைக்கப்பட்டு, சந்தனமும் குங்குமமும் இடப்பட்டு, மாலை சாத்தப்பட்டன. வாசலில் திருஷ்டிப் பூசணி உடைபட்டது. பொரியும் கடலையும் எல்லார் கைக்கும் வந்தன. இவற்றைக் கேலிசெய்வது இவ்வுரையின் நோக்கமன்று. ஆண்டு முழுவதும் தன் கையோடு கையாக உழைத்த இயந்திரத்திற்கு ஒருநாள் பொட்டு வைக்கும் தொழிலாளியின் அன்பு உண்மையானது. அதைச் சடங்கு என்று தள்ளிவிடுபவர் அந்த இயந்திரத்தின் முன் பத்து மணி நேரம் நின்றவராக இருக்கமாட்டார். கேட்கவேண்டிய கேள்வி இடத்தைப் பற்றியது. பூசை வாசலில் நடந்தது. குழாய் பின்புறம் இருந்தது. வாசலில் நின்ற கண்ணுக்குப் பின்புறம் தெரியவில்லை. தெரிந்தபோதும், ஒரத்துப்பாளையத்து அழுகை பனியன் தெருவரை கேட்கவில்லை. புக்கொளியூரில் எதிர்வீடு பத்தடித் தொலைவில் இருந்தது. இங்கு அது பல கல் தொலைவில், ஆற்றின் போக்கில் கீழே இருந்தது.

பிறகு வந்ததுதான் இத்தலைப்புக்கு மிகப் பொருந்திய நிகழ்ச்சி. எதிர்ப்பு வலுத்தபின், 1990களின் பிற்பகுதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஏற்பட்டன. அவை கழிவுநீரின் நிறத்தை ஓரளவு நீக்கின. கண்ணுக்கு நீர் தெளிந்தது போல் இருந்தது. ஆனால் கரைந்திருந்த உப்பை நீக்கும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. நிறம் போயிற்று, உப்பு போகவில்லை. பார்ப்பவருக்குத் தெரிவது நிறம். பயிருக்குத் தெரிவது உப்பு. வெற்றுச் சடங்கு என்பதற்கு ஆயிரம் ஆண்டுத் தமிழ்க் கவிதையில் சொல்லப்பட்ட உவமைகளோடு, திருப்பூரின் இந்த ஒன்றையும் துணிந்து சேர்க்கலாம். ஏமாற்றும் எண்ணத்தோடு அவற்றைக் கட்டினார்கள் என்று சொல்வதற்கில்லை. பணம் செலவழித்தார்கள், விதி கேட்டதைச் செய்தார்கள். பெரும்பாலான சடங்குகளும் அப்படித்தான். செய்யவேண்டியதைச் செய்துவிட்டோம் என்ற நிறைவு உண்மையாகவே இருக்கும். எதிர்வீட்டுக் கிணறு மட்டும் உப்பாகவே இருக்கும்.

நொய்யல் பாசன உழவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். கழிவுநீர் ஒரு சொட்டும் ஆற்றில் கலக்கலாகாது என்ற நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் வலியுறுத்தியது. அது நிறைவேறாத நிலையில், 2011 சனவரித் திங்களில் சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் மூட ஆணையிட்டது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. அப்போது அழுகை இடம் மாறிற்று. சாயப்பட்டறைத் தொழிலாளர், அவர்களை நம்பியிருந்த சிறு கடைக்காரர், வெளி மாவட்டங்களிலிருந்து பிழைப்புக்கு வந்து வாடகை வீட்டில் இருந்தவர் என்று வேறொரு வரிசை வீடுகளில் அடுப்பு அணைந்தது. ஆறு பிழைக்கவேண்டும் என்று எழுதியவர்களுள் எத்தனை பேர் அந்த வீடுகளையும் நின்று கேட்டார்கள் என்பது தனியே சிந்திக்கத்தக்கது. எந்தப் பக்கம் நியாயம் என்று முடிவுகட்டியவுடன் காது அடைத்துக்கொள்கிறது. முதல் வீட்டின் மேளம் என்பது எப்போதும் மேளமாகவே வருவதில்லை. சில வேளை அது வெற்றி முழக்கமாகவும் வரும்.

பின்னர்ப் பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் நீரைப் பிரித்து மீண்டும் சாயத்திற்கே பயன்படுத்தவும், எஞ்சிய கரைசலைக் காய்ச்சி உப்பைத் திரும்ப எடுக்கவும் அமைப்புகள் வந்தன. செலவு மிகுந்த வேலை அது. ஆறு முழுதும் நலம்பெற்றுவிட்டது என்று சொல்லிவிட முடியாது. நகரங்களின் சாக்கடையும் அதில்தான் சேர்கிறது. ஆயினும் உப்பு என்பது கண்ணுக்குத் தெரியாததாயினும் இருக்கிறது, அதையும் எடுத்தாகவேண்டும் என்று இந்த ஊர் ஒப்புக்கொண்டதே ஒரு பெரிய மாற்றம். அதை ஒப்புக்கொள்ள வைத்தது பூசையறையன்று, நீதிமன்றம் என்பதில் சமயம் பேசுவோர்க்கு ஒரு வெட்கம் இருக்கிறது.

வடலூரை இங்கு ஒருகணம் எண்ணாமல் இருக்க முடியாது. வள்ளலார் 1867இல் தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டினார்; 1872இல் சத்திய ஞானசபையை நிறுவினார். ஆண்டு வரிசையைப் பார்த்தால் போதும். சோறு முந்திற்று, வழிபாட்டுக்குரிய சபை ஐந்தாண்டு பிந்திற்று. அவிநாசிக் குளக்கரையில் தம்பிரான் தோழர் வைத்த அதே வரிசை. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. சமயச் சின்னங்களையும் சாத்திரப் பூசல்களையும் வள்ளலார் எவ்வளவு கடுமையாக மறுத்தார் என்பது ஆறாம் திருமுறையைப் படித்தோர்க்குத் தெரியும். அந்த மறுப்பைப் பாடுவதற்கு முன்பே அவர் உலை வைத்துவிட்டார் என்பதுதான் அவரை மேடைச் சீர்திருத்தக்காரரிடமிருந்து வேறுபடுத்துகிறது.

கவிஞர்களுக்கென்று ஒன்று. பத்தாண்டுக் காலம் மாதந்தோறும் கூடிக் கவிதை படிப்பது சிறிய செயலன்று. வேலை முடிந்து, கைகளில் பஞ்சுத் தூசியோடு வந்து அமர்ந்தவர்களும் இத்தகைய வட்டங்களில் உண்டு. ஆனால் எந்த இலக்கிய வட்டமும் பத்தாம் ஆண்டில் தன்னை உள்புறம் வெளியாகத் திருப்பிப் பார்க்கலாம். குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, நன்றியுரை, குழுப்படம் ஆகியவற்றில் தவறொன்றுமில்லை. அவை பூணூல் கலியாணத்து மேளம் போன்றவை. நொய்யலைப் பற்றி இந்த வட்டாரத்தில் எழுதப்பட்ட கவிதைகள் ஏராளம். அவற்றுள் எத்தனை ஒரத்துப்பாளையம் வரை நடந்துபோய் எழுதப்பட்டவை, எத்தனை தண்டவாளப் பாலத்தின்மேல் இரயில் போகும்போது சன்னல் வழியே பார்த்து எழுதப்பட்டவை என்பதை எழுதியவரே அறிவர். நிறம் மட்டும் உள்ள கவிதை எது, உப்பும் உள்ள கவிதை எது என்பது படிக்கும்போது தெரிந்துவிடும்.

அவிநாசியில் ஆண்டுதோறும் பங்குனித் திங்களில் முதலைவாய்ப்பிள்ளை உற்சவம் நடைபெறுகிறது. சுந்தரர் தாமரைக்குளத்திற்கு எழுந்தருள, முதலையிலிருந்து பாலன் வருவதாக நடித்துக் காட்டுகிறார்கள். பிள்ளையில்லாதவரும் பிள்ளையை இழந்தவரும் வந்து நிற்கும் கூட்டம் அது. அந்தப் பெண்களின் முகத்தைப் பார்த்தபின் இதைச் சடங்கு என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

சுந்தரர் அந்தச் சிறுவனின் சடங்கை முடித்துவைத்து, சேரநாடு நோக்கிப் போனார். அவர் பின்னர்த் தமிழ்நாட்டுக்குத் திரும்பவில்லை. அஞ்சைக்களத்திலிருந்து வெள்ளை யானைமீது கயிலை சென்றார் என்று புராணம் முடிகிறது. மேளம் முழங்கிய அந்த முதல் வீட்டாரைச் சேக்கிழார் மீண்டும் பேசவில்லை. எதிர்வீட்டுப் பையன் குளத்திலிருந்து நடந்து வந்தபோது, அவனோடு அன்று குளிக்கப் போன தோழன், புதுப் பூணூலோடு வாசலுக்கு ஓடிவந்திருப்பான்.